வாசகர் கேள்வி – பதில்: ஒருவருக்கு மட்டும் ஒரு சாக்லேட் கேக்

மைக்ரோவேவில் ஒருவருக்கு மட்டும், கலோரி குறைவாக, சட்டென்று ஒரு சாக்லேட் இனிப்பு செய்வது எப்படி? இதைச் சுற்றியே டெல்டா வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பதிலுக்குப் போகுமுன் ஒன்று: இங்கே தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி, எல்லாமே தலை தட்டிய அளவு. கோபுரமாக அள்ளினால் ஒரு கரண்டி மாவு கிட்டத்தட்ட இரண்டு கரண்டியாகிவிடும். பெரிய கேக்கில் அது தெரியாது. ஒரே ஒரு மக்கில் செய்யும்போது பதமும் கெடும், கலோரிக் கணக்கும் கெடும்.

வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். அவர் இனிப்பு தொடுவதில்லை. முழு கேக் செய்தால் நானே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டியிருக்கிறது. வீடியோவில் பார்த்த மக் கேக்குக்கு 4 மேசைக்கரண்டி மைதா, 4 சர்க்கரை, 2 கோகோ, 3 பால், 3 எண்ணெய், ஒரு முட்டை சொல்கிறார்கள். நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. அந்த எண்ணெயைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

உங்கள் பயம் நியாயமானதுதான். அந்த அளவைக் கூட்டிப் பாருங்கள். 3 மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் ஏறக்குறைய 370 கலோரி. 4 மேசைக்கரண்டி சர்க்கரை 50 கிராம் வரும், அது 200 கலோரி. மைதா 110, முட்டை 70, பாலும் கோகோவும் சேர்ந்து 70. மொத்தம் 800-ஐத் தாண்டுகிறது. இதில் சாக்லேட் சுவையைத் தருகிற கோகோவின் பங்கு வெறும் 40. ஆகவே கோகோவில் கை வைக்காதீர்கள். குறைக்க வேண்டியது எண்ணெயும் சர்க்கரையும்தான். ஆனால் கேக்கை மென்மையாக வைத்திருப்பதும் அவை இரண்டுமே. அந்த வேலையைச் செய்ய இன்னொரு பொருள் வேண்டும். நம் வீட்டில் எப்போதும் இருக்கிற தயிர் அதற்குப் போதும்.

ஒருவருக்கான அளவு: மைதா 2 மேசைக்கரண்டி (16 கிராம்), இனிப்பில்லாத கோகோ 1 மேசைக்கரண்டி (6 கிராம்), பொடித்த சர்க்கரை 8 கிராம் (பொடிக்காத சர்க்கரையில் 2 தேக்கரண்டி), பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை மக்கிலேயே போட்டு, முள்கரண்டியால் கட்டியில்லாமல் உலர்வாகவே கலக்கி விடுங்கள். பிறகு டோன்டு பால் 2 மேசைக்கரண்டி, புளிக்காத கெட்டித் தயிர் 1 மேசைக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் அரைத் தேக்கரண்டி. மாவு ஈரமாகும் வரை மட்டும் கலக்க வேண்டும், பதினைந்து சுற்று போதும். மக்கின் அடி ஓரத்தில் உலர்ந்த மாவு ஒளிந்திருக்கும், அதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தயங்கி விழ வேண்டும். இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் கோகோ ஊறும்.

800 வாட் அடுப்பில் 50 விநாடி, 700 வாட் என்றால் 60, 900 என்றால் 45. மூடி வேண்டாம். எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். மொத்தம் 155 கலோரி அளவில் வரும். கோதுமை மாவில் செய்வதென்றால் பால் இரண்டு தேக்கரண்டி கூடுதலாக வேண்டும், தவிடு அதை உறிஞ்சிவிடும். கலோரி பெரிதாக மாறாது, நார்ச்சத்து கூடும்.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு டிகாக்‌ஷனை விட்டுவிடக் கூடாது. பாலில் ஒரு மேசைக்கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் முதல் டிகாக்‌ஷன் ஊற்றிப் பாருங்கள். காபி வாசனை தூக்கலாக வராது, ஆனால் கோகோ ஒரு மடங்கு அதிகம் போட்டதுபோல் இருக்கும். சர்க்கரை குறைத்த கேக்குக்கு இதைவிட நல்ல உதவி கிடையாது. காபி குடித்தால் தூக்கம் வராதவர்கள் ராத்திரியில் தவிர்க்கலாம்.

நானும் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ரப்பர் மாதிரி வருகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டால் கல். அளவு எல்லாம் சரியாகத்தான் போடுகிறேன், முட்டையும் சேர்க்கிறேன். எங்கே தப்பு?
– வாசகி, மன்னார்குடி

மூன்று இடத்தில் தேடலாம்.

முதலில் நேரம். பத்தில் எட்டு மக் கேக் கெட்டுப்போவது இங்கேதான். மைக்ரோவேவ், மாவில் உள்ள தண்ணீரை நேரடியாகச் சூடாக்குகிறது. 75 கிராம் மாவில் இருக்கிற தண்ணீரே கொஞ்சம். கடைசிப் பத்து விநாடியில் அது ஆவியாகப் பறந்துவிடும். ஓவனில் பார்க்கிற மாதிரி மேலே முழுதும் காய்ந்து, குச்சி சுத்தமாக வரும் வரை காத்திருந்தால் வெளியே எடுக்கும்போது கேக் வேகும் கட்டத்தைத் தாண்டியிருக்கும். எடுத்த பிறகும் உள்சூட்டில் ஒரு நிமிடம் வெந்துகொண்டேதான் இருக்கும்.

சரியான தருணத்தை அடையாளம் சொல்கிறோம். கடைசி இருபது விநாடி கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கேக் எழும்பி, மேற்பரப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கிக்கொண்டே வரும். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் ஈரப் பளபளப்பு மிச்சம் இருக்கும். மக்கின் சுவரைவிட்டுக் கேக் ஒரு நூலளவு விலகத் தொடங்கியிருக்கும். அப்போதே நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பளபளப்பும் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் ஐந்து விநாடி கூட்டலாம். வேகாததைச் சரிசெய்ய வழி உண்டு, வெந்து காய்ந்ததற்குக் கிடையாது.

இரண்டாவது முட்டை. 16 கிராம் மாவுக்கு ஒரு முழு முட்டை மிக அதிகம். அது கேக் இல்லை, கோகோ போட்ட ஆம்லெட். முட்டை வேண்டுமானால் நன்றாக அடித்து, அதிலிருந்து 1 மேசைக்கரண்டி மட்டும் எடுத்துத் தயிருக்குப் பதிலாகச் சேருங்கள். மீதியைக் காலையில் தோசை மேல் ஊற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, கலக்குகிற கை. ஈரமான மைதாவை அடிக்க அடிக்க குளூட்டன் (மாவிலுள்ள, இழுவை தருகிற புரதம்) இழுபடத் தொடங்கும். பரோட்டாவுக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். எண்ணெய் நிறைய இருக்கிற கேக்கில் எண்ணெய் அதைத் தடுத்துவிடும். நாம் எண்ணெயைக் குறைத்துவிட்டதால் கலக்குவதையும் குறைத்தே ஆக வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் இறுகுவது மைக்ரோவேவ் கேக்கின் இயல்பு. ஆறினால் ஸ்டார்ச் இறுகும், ஈரமும் போயிருக்கும். செய்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தள்ளிப்போனால் ஒரு தேக்கரண்டி பால் தெளித்து 10 விநாடி காட்டுங்கள், ஓரளவு மீளும்.

எங்கள் அடுப்பில் வாட் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பின்னால் ஸ்டிக்கரில் 1200 என்று இருக்கிறது. அது போக, மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. ஒரு நாள் 50 விநாடியில் வெந்தது, மறுநாள் அதே 50 விநாடியில் கூழாக நிற்கிறது.
– வாசகர், நன்னிலம்

ஸ்டிக்கரில் உள்ள 1200 பெரும்பாலும் அடுப்பு இழுக்கிற மின்சாரம். உணவுக்குப் போய்ச் சேருவது 700 அல்லது 800 வாட்தான். ‘அவுட்புட்’ என்று தனியாக அச்சிட்டிருந்தால் சமையல் நேரத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் விஷயத்தில் நீங்கள் கண்டது சரி. உள்ளே டிரான்ஸ்பார்மர் வைத்த சாதாரண அடுப்புகளில், வோல்டேஜ் குறைகிற அளவைவிட அதிகமாகச் சூடு குறையும். விளக்கு லேசாக மங்கினாலே கேக்குக்குப் பத்துப் பதினைந்து விநாடி வித்தியாசம் வந்துவிடும். குறுவைக்கு பம்ப்செட்டுகள் ஒன்றாக ஓடும்போது டெல்டா கிராமங்களில் இது சகஜம். எண்ணை நம்பிப் பயனில்லை. அன்றைய சூட்டை அன்றே அளந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது.

200 மில்லி குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடி மக்கில் எடுத்து, அதில் ஒரு மரக்கரண்டியைப் போட்டு, முழுப் பவரில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதில் பாதி நேரம் கேக்குக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஐந்து ஐந்து விநாடியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் 90 விநாடியில் கொதித்தால் கேக்கை 45-இல் பார்க்க வேண்டும். மரக்கரண்டியை மறக்காதீர்கள். வழவழப்பான மக்கில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் அசையாமல் நிற்கும்; எடுத்து அசைக்கும்போது சீறி முகத்தில் அடிக்கும்.

சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் துல்லியமாகவே கண்டுபிடிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 2 நிமிடம் சூடாக்கி, கலக்கி, எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியது என்று பார்த்து 35-ஆல் பெருக்குங்கள். 20 டிகிரி ஏறினால் 700 வாட்.

வீட்டு இன்வெர்ட்டரில் மைக்ரோவேவைப் போட வேண்டாம், அந்தச் சுமையைச் சாதாரண இன்வெர்ட்டர் தாங்காது.

எவர்சில்வர் டம்ளரில் வைக்கலாமா? சின்னதாக, அளவாக இருக்கிறதே.
– வாசகி, மயிலாடுதுறை

கூடாது. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மேல்வாய் வழியாகப் போகிற அலையில் மேலே மட்டும் காயும், அடியில் பச்சை மாவு. டம்ளரின் விளிம்பு அடுப்பின் சுவரை நெருங்கினால் பொறி பறக்கும், அடுப்பே பழுதாகலாம். தங்க நிற விளிம்பு போட்ட பீங்கான் மக்கும், மெலமைன் கிண்ணமும் வேண்டாம்: ஒன்று பொறி கிளப்பும், இன்னொன்று சூட்டுக்கு ஆகாது.

250 முதல் 300 மில்லி கொள்ளும், நேரான சுவருள்ள பீங்கான் அல்லது போரோசிலிகேட் கண்ணாடி மக் எடுங்கள். மாவு பாதிக்கு மேல் வரவே கூடாது, இல்லாவிட்டால் பொங்கித் தட்டில் வழியும். மக்கைச் சுழல்தட்டின் நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள். நடுவில் வைத்தால் ஒரே இடத்தில்தான் சுற்றும். ஓரத்தில் வைத்தால் சூடான இடம், சூடு குறைந்த இடம் எல்லாவற்றையும் கடந்து சீராக வேகும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை போட்டால் தரலாமா? கடையில் விற்கிற ஸ்டீவியா, சுகர்ஃப்ரீ மாத்திரை இவற்றில் எது சூடு தாங்கும்?
– வாசகர், திருவாரூர்

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் இந்த விஷயத்தில் மாற்று இல்லை. வெல்லத்தில் 100 கிராமுக்கு 380 கலோரி அளவில் இருக்கிறது, வெள்ளைச் சர்க்கரையில் 400. ரத்தச் சர்க்கரையை எல்லாமே ஏற்றும். ‘வெல்லம்தானே’ என்று ஒரு கரண்டி கூடப் போடுவதுதான் நடக்கும். வாசனைக்காகப் போடுங்கள், நோய்க்கு நல்லது என்று போடாதீர்கள்.

இனிப்பூட்டிகளில் அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். கேக்குக்குள் போட வேண்டாம். சுக்ரலோஸும் ஸ்டீவியாவும் இந்த ஒரு நிமிடச் சூட்டைத் தாங்கும். மாத்திரையாக இருந்தால் பாலை வெதுவெதுப்பாக்கி அதில் கரைத்துச் சேருங்கள். எத்தனை மாத்திரை எவ்வளவு சர்க்கரைக்குச் சமம் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், டப்பாவில் பாருங்கள். ஸ்டீவியாவுக்கு ஒரு பின்கசப்பு உண்டு. அது கோகோவின் கசப்போடு சேர்ந்தால் அப்பா ஒரு வாயோடு வைத்துவிடுவார். சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். உப்புச் சிட்டிகையை விட்டுவிடாதீர்கள், நாலு சொட்டு வெனிலா எசன்ஸும் விடுங்கள்.

சர்க்கரை இனிப்பு மட்டும் தருவதில்லை, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. அதை முழுதும் எடுத்துவிட்டால் கேக் உதிரும். ஒரு தேக்கரண்டி தயிர் கூட்டி, ஐந்து விநாடி குறைத்து எடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சர்க்கரையே போடாவிட்டாலும் மைதா, கோகோ, பால் வழியாக இந்த மக்கில் ஏறக்குறைய 17 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சர்க்கரை போட்டால் 25. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் இதை அந்த வேளைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக இல்லை. அவருடைய மருத்துவரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது; அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அல்ல. வீட்டில் மற்றவர்களுக்கு நாங்கள் சொல்வது, மாத்திரையைத் தேடாமல் சர்க்கரையை 2 தேக்கரண்டியிலிருந்து ஒன்றரைக்கு இறக்குங்கள் என்பதே. இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

தேங்காய் எண்ணெய் உடம்புக்கு நல்லது, கலோரியும் குறைவு என்கிறார்கள். எங்கள் தோப்புத் தேங்காய் இருக்கிறது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலும் ஊற்றலாமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான், தேங்காய் எண்ணெய்க்குச் சலுகை இல்லை. அரைத் தேக்கரண்டி போடுவதால் எதைப் போட்டாலும் 20 கலோரி. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் கோகோவோடு நன்றாகச் சேரும், தாராளமாகப் போடுங்கள். நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் வேண்டாம், வாசனை மேலே நிற்கும்.

தேங்காய்ப்பாலில்தான் கவனம் வேண்டும். கெட்டியான முதல் பால் 2 மேசைக்கரண்டி ஏறக்குறைய 60 கலோரி, அதே அளவு டோன்டு பால் 18. கலோரியைக் குறைக்கத் தொடங்கியது அங்கேயே போய்விடும். மூன்றாம் பாலை ஊற்றுங்கள். தேங்காய் வாசனை வேண்டுமென்றால் துருவல் ஒரு தேக்கரண்டி மேலே தூவலாம்.

சர்க்கரையும் எண்ணெயும் இல்லாமல் வாழைப்பழத்திலேயே செய்யலாம் என்று படித்தேன். எந்தப் பழம் நல்லது?
– வாசகர், திருவையாறு

பூவன். தோலில் கருப்புப் புள்ளி விழுந்த, நன்றாகக் கனிந்த ஒரு சின்னப் பழம், உரித்து 50 கிராம். அதிலுள்ள லேசான புளிப்பு கோகோவுக்கு எடுப்பாக இருக்கும். கற்பூரவல்லி இன்னும் இனிப்பு, ஆனால் சளசளப்பு அதிகம், பாலே தேவைப்படாது. ரஸ்தாளி மாவாக இருப்பதால் கேக் கனத்துவிடும். பச்சை மாறாத காய்ப்பழம் எதுவும் உதவாது, இனிப்பும் இல்லை, மசியவும் மசியாது.

பழத்தைக் கட்டியில்லாமல் மசித்து, சர்க்கரையையும் எண்ணெயையும் விட்டுவிட்டு, பாலை 1 மேசைக்கரண்டியாகக் குறைத்து, மற்றவை அப்படியே. நேரம் பத்து விநாடி கூடும்.

இதில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 50 கிராம் பழத்தில் 50 கலோரிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. எடுத்துவிட்ட சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்து 52. ஆகக் கலோரி குறையவே இல்லை. கேக்கின் அளவு பெரிதாகும், வயிறு நிரம்பும், நார்ச்சத்து கிடைக்கும். அதற்காகச் செய்யுங்கள், அது நல்ல காரணமே. ‘சர்க்கரையே இல்லை’ என்று இரண்டு மக் சாப்பிட்டுவிடாதீர்கள்.

மாப்பிள்ளைச் சம்பா மாவு வீட்டில் இருக்கிறது. மைதாவே இல்லாமல் அதில் வருமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

வரும், பக்குவம் வேறு. அரிசி மாவில் குளூட்டன் கிடையாது. அதிகம் கலக்கிவிடுவோமோ என்ற கவலை போய்விடும், ஆனால் பிடித்து வைக்க ஆள் இல்லாமல் உதிரும், வாயில் நறநறக்கும்.

நறநறப்புக்கு மருந்து ஊறவைப்பது. இடியாப்பத்துக்குச் சலிக்கிற சல்லடையில் மாவைச் சலித்து 2 மேசைக்கரண்டி எடுங்கள். கோகோ, சர்க்கரை, உப்பு கலந்து, வெதுவெதுப்பான பால் 3 மேசைக்கரண்டி ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். முழுத் தானியமாக அரைத்த மாவென்றால் பதினைந்து நிமிடம். உதிராமல் இருக்க, மசித்த பூவன்பழம் 1 மேசைக்கரண்டியும் சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) அரைத் தேக்கரண்டியும் போதும். முட்டை சாப்பிடுபவர்கள் அடித்த முட்டை 1 மேசைக்கரண்டி சேர்க்கலாம். எண்ணெய் அரைத் தேக்கரண்டி இதற்கும் உண்டு. பேக்கிங் பவுடரை எல்லாவற்றுக்கும் கடைசியில், அடுப்பில் வைக்கப் போகிற நேரத்தில் கலக்குங்கள். முதலிலேயே போட்டால் ஊறும்போதே பாதி வாயு போய்விடும்.

முழுப் பவர் வேண்டாம். 70 சதவீதத்தில் 80 விநாடி வைத்துப் பாருங்கள். மெதுவாக ஏறுகிற சூட்டில்தான் அரிசி ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து மென்மையாக வேகும். கலோரி மைதாவுக்குச் சமம்தான். சிவப்பரிசியின் வாசனையும் தவிட்டுச் சத்தும் இதன் தனிச் சிறப்பு, அதற்காகவே செய்யலாம்.

கோகோ பொடி டப்பாவில் கட்டி கட்டியாகிவிடுகிறது. அதற்குப் பதில் டிரிங்கிங் சாக்லேட் பொடி போட்டால் என்ன?
– வாசகி, நாகப்பட்டினம்

கடற்கரை ஈரக்காற்றுக்குக் கட்டி பிடிக்கத்தான் செய்யும். காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள், ஈரக் கரண்டி படக் கூடாது. பிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்து வைத்தால் பாட்டிலுக்குள் வியர்த்து இன்னும் மோசமாகும். கட்டியை டீ வடிகட்டியில் தேய்த்துச் சலித்தால் போதும், பூஞ்சை வாடை இல்லாதவரை சுவை கெடாது. உங்கள் ஊர்க் காற்றில் பேக்கிங் பவுடரும் சீக்கிரம் வலுவிழக்கும். அரைத் தேக்கரண்டியைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது, சோம்பலாக நாலு குமிழி விட்டால் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதிலாக ஆப்பச் சோடாவைக் கால் தேக்கரண்டி கொட்டிவிடாதீர்கள். அது மூன்று நான்கு மடங்கு வீரியமுள்ளது, சோப்புக் கசப்பு வரும். தயிர் சேர்த்த மாவுக்கு இரண்டு விரல் சிட்டிகை போதும்.

டிரிங்கிங் சாக்லேட் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் பொருட்களை அச்சிடுவார்கள். பெரும்பாலும் சர்க்கரை முதலில் இருக்கும், கோகோ பின்னால் வரும். அதைப் போட்டால் இனிப்பான வெளிர்ப் பழுப்புக் கேக் கிடைக்கும், சாக்லேட் கேக் கிடைக்காது. கோகோ டப்பாவில் 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் அது காரம் (ஆல்கலி; மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்துப் பதப்படுத்தியது. நிறம் கறுப்பு, கசப்பு குறைவு; சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அது வசதி.

தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறேன். தினமும் ஐந்து டப்பா திறந்து அளக்க முடியாது. மொத்தமாகக் கலந்து வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பத்து மக்குக்கு மைதா 160 கிராம், கோகோ 60, பொடித்த சர்க்கரை 80, பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. மூன்று முறை சேர்த்துச் சலியுங்கள். சலிக்காவிட்டால் பேக்கிங் பவுடர் ஓரிடத்தில் தங்கி, ஒரு நாள் கேக் பொங்கி அமுங்கும், மறுநாள் எழும்பவே எழும்பாது. காற்றுப் புகாமல் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். ஒரு முறைக்கு 31 கிராம், தராசு இல்லையென்றால் மூன்றரை மேசைக்கரண்டி. டப்பாவை ஒரு தடவை குலுக்கிவிட்டு எடுங்கள், சர்க்கரை அடியில் இறங்கியிருக்கும். பால், தயிர், எண்ணெய் அளவு முதல் பதிலில் சொன்னதே.

குழந்தைக்குக் கேக்கைவிட புட்டிங்தான் பிடிக்கிறது. மைக்ரோவேவில் முடியுமா?
– வாசகி, சீர்காழி

முடியும், கேக்கைவிடத் தவறவும் வாய்ப்புக் குறைவு. சோளமாவு 2 தேக்கரண்டி, கோகோ 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி. முதலில் 2 மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் மையாகக் குழைத்துக்கொண்டு, பிறகு மீதிப் பாலைச் சேர்த்து மொத்தம் 150 மில்லி ஆக்குங்கள். கிண்ணம் பாலின் அளவைப்போல் மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும், பொங்கும். ஒரு நிமிடம் வைத்து எடுத்து அடிவரை கலக்கி, பிறகு 20 விநாடிக்கு ஒரு முறை எடுத்துக் கலக்குங்கள். கரண்டியின் முதுகில் ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு கூடாமல் நிற்க வேண்டும். கொதி வராமல் நிறுத்தினால் சோளமாவு பச்சை வாடை அடிக்கும், ஆறியதும் நீர்த்தும் போகும். 160 கலோரி அளவில் வரும். மேலே ஆடை படியாமல் இருக்க, ஆறும்போது தட்டால் மூடாமல் அவ்வப்போது கிளறிவிட்டு, பிறகு பிரிட்ஜில் வையுங்கள்.

மைக்ரோவேவே இல்லை. இதே அளவை அடுப்பில் செய்ய முடியாதா?
– வாசகி, வேதாரண்யம்

இட்லிப் பானை இருக்கிறதே. இங்கே எவர்சில்வர் கிண்ணம் தாராளமாக ஆகும். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மாவைப் பாதிக்குக் கீழே ஊற்றி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உள்ளே வையுங்கள். மூடியில் சேரும் நீர் கேக்கில் சொட்டாமல் இருக்க, மூடியைத் துணியால் சுற்றி, துணி நுனியை மேலே முடிந்துவிடுங்கள். மிதமான தீயில் 12 நிமிடம். பத்து நிமிடம் வரை திறக்கக் கூடாது, திறந்தால் நடு அமுங்கும். ஆவியிலிருந்து ஈரம் சேருவதால் பாலை ஒரு தேக்கரண்டி குறைத்துக்கொள்ளலாம். இந்த முறையில் குச்சிச் சோதனை செல்லும்: நடுவில் குத்தி, ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். மைக்ரோவேவ் கேக் போல இது உடனே இறுகாது. மூடி வைத்தால் மறுநாள் காலையிலும் மென்மையாகவே இருக்கும்.